தொட்டி வைத்த இடம்

எனக்கு வேலை போய்விட்டதாக அப்பாவுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. போனது உண்மைதான். திரும்பி வந்ததும் உண்மைதான். நடுவில் நடந்ததை ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா பாதியிலேயே அழுதுவிடுவாள். அதனால்தான் முழுக்கதையாக எழுதி அனுப்புகிறேன். அண்ணி, நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டிவிடுங்கள்.

எங்கள் சந்தில் பூந்தொட்டி என்பது செடி வளர்க்கிற சாமான் இல்லை, காவல்காரன். கார் வைத்திருப்பவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, கார் நின்ற இடத்தில் ஒரு தொட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டும். மறந்தால் சாயங்காலம் அந்த இடத்தில் வேறொருவர் கார் நிற்கும். தைபேயின் பழைய பகுதியில் கார் நிறுத்த இடம் கிடைப்பதற்கு முன் கல்யாணத்துக்குப் பெண் கிடைத்துவிடும் என்பார்கள். சாலை அரசாங்கத்துடையது. தொட்டி வைத்து இடம் பிடிப்பது குற்றம், அபராதம் உண்டு. இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் தொட்டிக்குள் ஒரு செடி. போலீஸ் கேட்டால் அழகுக்கு வைத்தது என்று சொல்லிவிடலாம்.

செடி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சீனப் புது வருடத்துக்கு வாங்கி, பங்குனி வெயில் வருவதற்குள் காய்ந்துபோன குட்டி ஆரஞ்சு மரங்கள். இரண்டு கள்ளி. ஸ்கூட்டர் மெக்கானிக் கோ அண்ணன் வைத்திருப்பது பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி, நடுவில் பிளாஸ்டிக் மூங்கில் செருகியது. திருடு போகாமலிருக்க ஒவ்வொரு தொட்டியிலும் வீட்டு எண்ணை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள்.

என் முதலாளி ஜியான் அத்தைக்குக் கார் இல்லை. வண்டி இருக்கிறது. சோயாப் பால், முட்டைச் சுருள், பொரித்த மாவுக் குச்சியை வைத்து உருட்டிய சோறு, இவை விற்கிற காலைப் பலகார வண்டி. விடிகாலையில் வீட்டு முன்னறையிலிருந்து உருட்டி வந்து வாசலுக்கு எதிரே சாலையோரம் நிறுத்துவோம், மத்தியானம் உள்ளே தள்ளிவிடுவோம். வண்டி இல்லாத நேரத்தில் அந்த இடத்தை அத்தையின் இரண்டு தொட்டிகள் பார்த்துக்கொள்ளும். அந்த இடம் இருந்தால்தான் வண்டி. வண்டி இருந்தால்தான் கல்லூரிக்குப் போகும் முன் எனக்கு வேலை. வேலை இருக்கும்வரைதான் அத்தை வீட்டு மாடி அறை. அப்படிப் பார்த்தால், நான் இந்த ஊரில் இருப்பதையே இரண்டு காய்ந்த செடிகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன.

அந்த நிலையில்தான் லியென் வந்தாள்.

லியென் என் வயதுப் பெண். நகராட்சி வேலையை எடுத்திருந்த ஒரு சின்ன வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து வந்திருந்தாள். சந்தில் கார்கள் நிற்கிற ஓரத்தில் சில இடங்களை எடுத்துவிட்டு மரம் நட வேண்டும், எங்கெங்கே என்பதை மக்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும், அதுதான் அவள் வேலை. முதல் நாள் சந்துக்குள் நுழைந்து தொட்டிகளைப் பார்த்ததுமே அவள் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் வண்டியில் சோற்று உருண்டை வாங்கிக்கொண்டே, செடி மேல் இவ்வளவு ஆசையுள்ள தெருவை இந்த ஊரிலேயே பார்த்ததில்லை என்றாள்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளிடம், "ஆமாம்மா. செடின்னா எங்களுக்கு உசுரு. சோறு தண்ணி இல்லாமக்கூட இருந்துடுவோம்" என்றாள்.

லியென் அதை அப்படியே நம்பினாள். கையிலிருந்த வரைபடத்தை வண்டி மேல் விரித்துக் காட்டினாள். இது வெறும் உத்தேசம்தான், மக்கள் சொன்னால் மாற்றிவிடலாம் என்றாள். சந்து நெடுகப் பச்சை வட்டங்கள். அதில் ஒரு வட்டம் எங்கள் வண்டி நிற்கிற இடத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அத்தை அந்த வட்டத்தின் மேல் சோயாப் பால் டம்ளரை வைத்தாள்.

சந்தின் சமுதாயக் கூடத்தில் முதல் கூட்டம் போட்டார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று தெரிந்த மூன்று தாத்தாக்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மறுநாள் லியென் சோர்ந்துபோய் வண்டிப் பக்கம் வந்து, உங்கள் ஜனங்கள் எங்கேதான் ஒன்றாகக் கூடுவார்கள் என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். குப்பை லாரிக்கு எல்லோரும் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

பொய் இல்லை. சாயங்காலம் லாரி பாட்டுப் போட்டுக்கொண்டு முனைக்கு வந்தால், சீக்காளிகூடப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிடுவார். அன்றைக்குத் தவறவிட்டால் குப்பை வீட்டிலேயே கிடக்கும். ஆகவே சந்தின் பசுமை பற்றிய மக்கள் கருத்துக் கேட்பு, ஆளுக்கொரு குப்பைப் பையோடு லாரிக்குக் காத்திருக்கும்போது நடந்தது.

மரம் வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மரம் நல்லது, காற்று நல்லது, வெயில் தாங்கவில்லை, அவசியம் வையுங்கள் என்றார்கள். எங்கே என்று கேட்டபோதுதான் பேச்சு நீண்டது. வாசலுக்கு நேராக மரம் நின்றால் வீட்டுக்கு ஆகாது என்றார் ஒருவர். ஆலமரம் வைத்தால் பேய் வரும் என்றார் இன்னொருவர். முடிவெட்டும் கடைக்கார அம்மாள் கொசுவைச் சொன்னாள்.

கோ அண்ணன் குப்பைப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: "மரம் வைக்கணும்மா, நான் இல்லேங்கல. என் கடை வாசல்ல மட்டும் வேணாம். பறவை வந்து உக்காரும். ரிப்பேருக்கு வந்த வண்டி மேல போயி வெச்சா, அதையும் நான்தானே தொடைக்கணும்."

தெருத் தலைவர் யோ எப்போதும் போலப் பொதுவாகப் பேசினார். வாக்குப் போடுகிறவர்கள் யாரையும் நோகடிக்காமல் பேசுவதில் அவருக்கு இருபது வருடப் பழக்கம். "எங்க சந்துல பொறந்தவங்க எல்லாருமே பசுமைப் பிரியருங்க. வாசலுக்கு வாசல் தொட்டி இருக்கு, நீங்களே பாத்தீங்க இல்ல?"

லியென் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் தொட்டியாலேயே சொல்லுங்கள் என்றாள். வீட்டுக்கு ஒரு புதுச் செடி, தொட்டியோடு இலவசம். உங்களிடம் இருக்கிற பழைய தொட்டிகளும் சேர்த்திதான். எங்கே பசுமை வேண்டுமோ அங்கே வையுங்கள். நிலாப் பண்டிகைக்கு முதல் நாள் வந்து படம் எடுப்பேன். தொட்டி இருக்கிற இடத்தில் மரம் வரும், இல்லாத இடத்தில் வராது. அவ்வளவுதான்.

இலவசம் என்றதும் ஆளுக்கொரு தொட்டியை வாங்கிக்கொண்டார்கள். தலைவர் யோ இதையே ஒலிபெருக்கியில் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி தினமும் சொன்னார். தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும், நம்பவில்லை.

"கவர்மெண்டு என்னைக்கு நாம சொன்ன எடத்துல எதையாச்சும் வெச்சிருக்கு?" என்று கோ அண்ணன் எங்கள் வண்டியருகே நின்று கேட்டார். அதற்குள் முடிவெட்டும் அம்மாளின் புதுத் தொட்டி அவர் கடை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கோ அண்ணன் தன் புதுத் தொட்டியைத் தலைவர் வீட்டு வாசலில் வைத்திருந்தார். அடுத்தவருக்குப் பசுமை கிடைக்க வேண்டும் என்பதில் சந்தே ஒற்றுமையாக இருந்தது. காலையில் அவரவர் வாசலுக்கு வந்த தொட்டியை அவரவர் தூக்கி வேறொருவர் வாசலில் வைத்தார்கள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் இந்த ஊரில் எந்த அறிவிப்பையும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. மின்தூக்கியில் ஒட்டியிருப்பதைக்கூட இரண்டு முறை படிப்பேன். நம் இரண்டு தொட்டியும் அந்த இடத்தில் இருந்தால் அங்கே மரம் வந்துவிடுமே, எடுத்துவிடலாமே என்று அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன்.

அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. "எடுக்கலைன்னா மரம் வந்துடும்ங்கற. எடுத்தா கார் வந்துடும். மரம் வர அஞ்சு வருஷம் ஆகும். கார் வர அஞ்சு நிமிஷம் ஆகாது. எதுக்குப் பயப்படணும்னு நீயே சொல்லு."

நான் இரண்டுக்கும் பயந்தேன்.

நிலாப் பண்டிகை என்றால் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு காரில் வருவார்கள். வாசலில் அடுப்பு வைத்துக் கறி சுட்டு, பம்பளிமாசு உரித்து, தோலைக் குழந்தைகள் தலையில் தொப்பியாகக் கவிழ்த்து, ஒரே அமர்க்களமாக இருக்கும். அதற்கு முன் பிள்ளைகளின் காருக்கு இடம் வேண்டும். பண்டிகைக்கு முதல் நாள் காலையிலேயே ஒவ்வொரு வீட்டுக்காரரும் அடுத்தவர் வாசலில் விட்டிருந்த தொட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். புதுத் தொட்டி, பழைய தொட்டி, மொட்டை மாடியில் இருந்த வெங்காயத் தாள் தொட்டி, எல்லாம் கீழே இறங்கின. தன் மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று சாலையோரம் இடைவெளியில்லாமல் அடுக்கிவிட்டார்கள். லியென் படம் எடுக்கிற நாள் அதுதான் என்பது யாருக்கும் நினைவில்லை. எனக்கு மட்டும் இருந்தது.

வியாபாரம் முடிந்து வண்டியை உள்ளே தள்ளினோம். அத்தை பம்பளிமாசு வாங்கச் சந்தைக்குப் போனாள். நான் சாலையோரம் இரண்டு தொட்டிக்கும் நடுவில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். லியென் படம் எடுத்துவிட்டுப் போகும்வரைதான், பிறகு கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொன்றாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கனமான தொட்டிகள். இரண்டாவதை வைத்துவிட்டுக் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தபோது, ஒரு வெள்ளைக் கார் அந்த இடத்தில் நுழைந்து நின்றுகொண்டிருந்தது. தலைவர் யோவின் மருமகன். பண்டிகை முடிகிறவரை இருக்கப் போகிறவர்.

அத்தை பழப் பையோடு திரும்பி வந்தாள். காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தொட்டி எங்க?"

"மாடில வெச்சிருக்கேன் அத்தை."

"ஏன், மாடில கார் நிறுத்தப் போறாங்களா?"

நான் படம் எடுக்கிற விஷயத்தைச் சொன்னேன். அறிவிப்பு என்றேன். மரம் என்றேன். அத்தை பையைக் கீழே வைத்தாள். வருடத்திலேயே அதிக வியாபாரம் ஆகிற காலைகள் இவைதான், சந்துக்கு வந்த அத்தனை விருந்தாளியும் நம் வண்டியில்தான் சாப்பிடுவார்கள், இனி வண்டியை என் தலையிலா நிறுத்துவது என்று கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாளைலேருந்து நீ வர வேணாம். மாசக் கடைசிக்குள்ள ரூமையும் வேற பாத்துக்க."

அந்த நேரம் பார்த்து லியென் வந்து சேர்ந்தாள், கழுத்தில் கேமராவோடு. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சந்தின் முனையிலிருந்தே படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்படி ஒரு வீடு பாக்கியில்லாமல், ஓர் இடம் பாக்கியில்லாமல் மக்கள் மரம் கேட்டதை அவள் நிறுவனமே இதுவரை கண்டதில்லையாம். எங்கள் வாசலுக்கு வந்ததும் வெள்ளைக் காரைப் பார்த்துத் தயங்கினாள். உங்கள் இடத்தில் மட்டும் தொட்டியைக் காணோமே, உங்களுக்குப் பசுமை வேண்டாமா என்று அத்தையிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

"வேணாம்," என்றாள் அத்தை. "எனக்கு எதுவும் வேணாம். மரமும் வேணாம், இவளும் வேணாம்."

லியென் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் வந்த வாரங்களில்தான் அம்மா ஃபோனில் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டது. சளி என்று சொன்னேன். கல்லூரி விட்டதும் அறை தேடி அலைந்தேன். ஃபோனில் என் சீனத்தைக் கேட்டு வாருங்கள் என்றவர்கள், நேரில் என் முகத்தைப் பார்த்ததும் இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். பண்டிகை முடிந்து வெள்ளைக் கார் போனதும் அத்தை வாளிகளை வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு தனியாகவே வண்டி போட்டாள். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விட்டாள்.

மாத முடிவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது முடிவை அறிவிக்கிற கூட்டம். கோயில் முற்றத்தில், திரை கட்டி. இந்த முறை ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள், ஏனென்றால் வரைபடம் முதல் நாளே சந்து முனையில் ஒட்டப்பட்டிருந்தது. அதில் சாலையோரம் முழுக்க ஒரே பச்சை. கார் நிறுத்துகிற இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. நடுவில் ஒரே ஒரு சாம்பல் நிறக் கட்டம். எங்கள் வாசல்.

கோ அண்ணன்தான் முதலில் எழுந்தார். "இந்தாம்மா, இது என் கடை வாசல். நான் இங்க மரம் கேக்கவே இல்லியே."

லியென் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் மூங்கில், வெள்ளை எழுத்தில் எண். "இது உங்க தொட்டிதானே அண்ணே?"

"என் தொட்டிதான்."

"நீங்கதானே அங்க வெச்சீங்க?"

"நான்தான் வெச்சேன்."

"மரத்துக்காக இல்லேன்னா வேற எதுக்கு வெச்சீங்க?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஆனால் அவள் பக்கத்தில், மரம் நடும் நாட்களில் சாலையை மூடுவது பற்றிப் பேசுவதற்காக ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பதில் கேட்க ஆசை போலிருந்தது. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

கோ அண்ணன் போலீஸ்காரரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார்.

"அழகுக்கு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்தடுத்த படங்கள் வந்தன. அது யாருடைய தொட்டி என்று லியென் கேட்க, உரியவர் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்ள, எதற்கு வைத்தது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான் இருந்தது. தலைவர் வீட்டு வாசலில் மட்டும் மூன்று தொட்டிகள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் சந்தே இப்படித்தான், அழகு என்றால் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று சொல்லி, தானே கைதட்ட ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் எல்லோரும் தட்டினார்கள். அத்தனை சோகமான கைதட்டலை நான் கேட்டதே இல்லை.

கடைசியில் லியென் அந்தச் சாம்பல் கட்டத்தைக் காட்டினாள். ஒரே ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் தொட்டி வைக்காமல், கேட்டபோதும் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், அந்த விருப்பத்தையும் மதிப்பதுதான் ஜனநாயகம் என்றாள். சந்து முழுக்கத் திரும்பி அத்தையைப் பார்த்தது. அத்தை மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் திரையையே பார்த்தாள்.

வீட்டுக்கு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் வந்தேன். வாசலில் சாவியைத் துழாவிக்கொண்டே, எனக்குச் சொல்வது போலவும் கதவுக்குச் சொல்வது போலவும் சொன்னாள்: "காலைல மாவு பிசையணும். நேரத்தோட படு. மாடில இருக்கற தொட்டி மாடிலயே இருக்கட்டும், அதுக்கும் கொஞ்சம் தண்ணி ஊத்து."

மன்னிப்பு என்று தனியாக எதுவும் வரவில்லை. மறுநாள் என் சோற்று உருண்டையில் இரண்டு முட்டை இருந்தது.

மரம் நட்டாகிவிட்டது. மார்பளவுதான் இருக்கிறது, ஆனாலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கார்க்காரர்கள் எல்லாம் இரண்டு தெரு தள்ளிக் காசு கொடுத்து நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். நடந்து வருவதால் எங்கள் வண்டிக்கு வியாபாரம் கூடியிருக்கிறது. வேற்று வட்டாரங்களிலிருந்து அதிகாரிகள் வந்து, மக்கள் தொட்டியால் பேசிய சந்து இதுதானா என்று படம் எடுத்துப் போகிறார்கள். தலைவர் யோ அவர்களுக்கு எல்லாம் விளக்கிச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு சங்கடம். சந்தில் கார் நிற்கக்கூடிய ஒரே இடம் இப்போது எங்கள் வண்டி நிற்கிற இடம்தான். எல்லோர் கண்ணும் அதன் மேல். வாளி வைத்தால், வாளிக்குச் செடி சாக்கு இல்லாததால், மத்தியானத்துக்குள் யாரோ போலீஸுக்குச் சொல்லிவிடுகிறார்கள். தொட்டி வைக்கலாம் என்று அத்தை ஒரு நாள் மாடியிலிருந்து இறக்கவும் ஆரம்பித்தாள். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். முனையில் லியென் ஒரு பலகை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேறு எங்காவது பசுமை வேண்டும் என்று தோன்றினால் அந்த இடத்தில் ஒரு தொட்டி வைத்தால் போதும், நாங்களே வந்து பார்த்து மரம் நட்டுவிடுவோம் என்று. இவ்வளவு நடந்த பிறகு அந்தப் பலகையை நம்பாதவர்கள் சந்தில் யாரும் இல்லை.

கடைசியில் அத்தை கோ அண்ணனோடு ஓர் ஒப்பந்தம் பேசினாள். வண்டி உள்ளே போனதும் அவருடைய நீலச் சரக்கு வண்டி அந்த இடத்தில் நிற்கலாம், விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும், பதிலுக்கு அவருடைய காலைப் பலகாரம் தினமும் நம் செலவு. ஆனால் அவர் எடுத்துப் போவதற்கும், பால் காய்ந்து நம் வண்டி வெளியே வருவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இடம் காலியாக இருக்கும். அதற்குள் தலைவரின் மருமகன் நுழைந்துவிடக் கூடாது.

அதனால் அந்த நேரத்துக்கு நான் போய் நிற்கிறேன். சும்மா நின்றால் போதும், அசையாமல், கொஞ்சம் அகலமாக. சாலையில் ஆள் நிற்பது குற்றம் இல்லை என்று அத்தை விசாரித்துவிட்டாள். ஆகவே அப்பாவிடம் சொல்லுங்கள், வேலை போகவில்லை, இப்போதுதான் உறுதியாகியிருக்கிறது. மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற நகராட்சி ஆள் ஒருவர் குழாயோடு விடிகாலையில் வருவார். இருட்டில் வரிசையாக ஊற்றிக்கொண்டே வருகிறவர், என் காலிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறார்.